செல்வி ரிஷானியின் படம் நீக்கல் வைபவம்

லிம்மாற் பள்ளத்தாக்கு முத்தமிழ் மறுமலர்ச்சிப் பேரவையில் மொத்தம் அறுபத்திரண்டு உறுப்பினர்கள். அவர்களில் நாற்பத்தொன்பது பேர் நிர்வாக சபையில் இருக்கிறார்கள். மிச்சப் பதின்மூன்று பேரையும் பேரவை கைவிட்டுவிட்டது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அவர்கள் ஆலோசகர்கள். இத்தனை பேரும் சேர்ந்து சுவிஸ் நாட்டின் பாடன் நகரத்தில் இரண்டு வேலைகள் செய்கிறார்கள். ஒன்று, சனிக்கிழமைகளில் ஓர் ஆரம்பப் பள்ளியின் இரண்டு அறைகளை எடுத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துவது. மற்றது, அதைப் படம் பிடித்துப் பேரவையின் இணையப் பக்கத்தில் போடுவது. இவற்றில் எது முதலில் தொடங்கியது என்பது பற்றி மூத்த உறுப்பினர்களிடையே இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

பேரவையின் அறிவித்தல்களுக்கு மாறாத ஒரு நடை இருக்கிறது. பிறந்தநாளானாலும் பரிசானாலும் சாவானாலும், 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் சுவிஸ் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட' என்றுதான் தொடங்கும். இதைக் குறை சொல்லவும் முடியாது. போர்க்காலத்தில் சிதறிப்போன சனம் அண்ணனையும் தங்கையையும் தேடிப்பிடித்தது இப்படியான இரண்டு வரிகளால்தான். தேடுகிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருந்த காலத்து வழக்கம் அது. பேரவை அதைக் காலத்துக்கேற்ப வளர்த்து, நகரத்தோடு வீதியையும் சேர்த்துக்கொண்டது.

நிலோஜினிக்கு முப்பத்துநான்கு வயது. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. மூன்று வருடங்களுக்கு முன்னர் லொசானிலிருந்து ஒரு பெட்டியோடும் நான்கு வயது மகள் ரிஷானியோடும் பாடனுக்கு வந்தவள். புருஷன் இரவீந்திரன் அவளுடைய கையை இரண்டு தடவை முறித்திருந்தான். மூன்றாம் தடவை கையை விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிப் பல்கனிக்கு வெளியே பிடித்தான். எதிர்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டார். அவன் இருவரையும் நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. பாடன் நகரசபை அவளுடைய முகவரியை யார் கேட்டாலும் கொடுக்காதபடி மறைத்து வைத்தது. பெண்கள் காப்பகத்தின் ஆலோசகரான சுவிஸ் பெண்மணி கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினார்: பிள்ளையின் முகம் எங்கேயும் வெளியில் வரக்கூடாது.

அன்றிலிருந்து நிலோஜினி பிள்ளையைப் படம் எடுப்பது ஒரு பெரிய காரியமாகிவிட்டது. முதலில் கைபேசியில் இடம் காட்டும் வசதியை நிறுத்துவாள். பிறகு திரையின் நான்கு மூலையையும் பார்ப்பாள். வீதிப் பலகை, பஸ் இலக்கம், கடைப் பெயர், பக்கத்து வீட்டுக் கார், ஒன்றும் இருக்கக்கூடாது. எல்லாம் சரியான பிறகு பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்லுவாள். இப்படி மூன்று வருடத்தில் அவளுடைய கைபேசி நிறைய இரட்டைப் பின்னலும் புத்தகப்பையும் சேர்ந்திருந்தன. மாதத்துக்கு ஒரேயொரு முகப்படம் மட்டும் எடுத்து, ஒருதடவை பார்த்ததும் தானே அழிந்துபோகிற முறையில் கனடாவிலுள்ள அக்கா சரணியாவுக்கு அனுப்புவாள். அக்கா ஒருநாள் போன் எடுத்து அழுதாள். "கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாறதுக்குள்ளை படம் போயிட்டுதடி" என்றாள். ரிஷானியும் கேட்டுவிட்டாள்: "அம்மா, ஏன் எல்லாப் படத்திலையும் என்ரை முதுகுதான் இருக்கு?" முதுகு வடிவான பிள்ளை என்று நிலோஜினி சொன்னாள். அதைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதாள்.

பெரியம்மாவோடு தமிழில் கதைக்க வேண்டும், நாலு பிள்ளைகளோடு பழகவும் வேண்டும் என்றுதான் ரிஷானியைப் பேரவையின் சனிக்கிழமை வகுப்பில் சேர்த்தாள். ஊரும் வீதியும் கேட்ட படிவத்தை நிரப்பிச் சேர்க்கும்போதே 'என் மகளைப் படம் எடுக்க வேண்டாம், அவளுடைய பெயரையும் எங்கும் வெளியிட வேண்டாம்' என்று எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தாள். ஆசிரியை அதை வாசித்து, துளைபோட்டு, ஒரு கோவையில் வைத்தார். அந்தக் கோவை இன்றைக்கும் மிகப் பத்திரமாக இருக்கிறது.

ஒக்ரோபர் மாதம் பேச்சுப்போட்டிப் பரிசளிப்பு நடந்தது. அன்று நிலோஜினிக்கு வேலை. திங்கட்கிழமை முதியோர் இல்லத்தில் தேநீர் இடைவேளையில், சமையலறையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் கைபேசியை நீட்டினாள். "உங்கடை மகள் என்ன வடிவு! ஒருநாளும் காட்டேல்லையே."

திரையில் ரிஷானி இரண்டு முன்பற்களும் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் கேடயம். பின்னால் பள்ளிக்கூடம், அதன் பெயர்ப்பலகை, வாசலோடு பஸ் தரிப்பு. கீழே எழுதியிருந்தது: 'வவுனியாவைப் பிறப்பிடமாகவும் பாடன் மில் வீதியை வதிவிடமாகவும் கொண்ட திருமதி நிலோஜினி இரவீந்திரன் அவர்களின் செல்வப் புதல்வி, இதே பாடசாலையில் முதலாம் வகுப்பில் பயிலும் செல்வி ரிஷானி, கீழ்ப்பிரிவில் முதலிடம்.'

மகளின் முழுச் சிரிப்பையும் அழிந்துபோகாத ஒரு படத்தில் நிலோஜினி பார்ப்பது மூன்று வருடத்தில் அதுதான் முதற்தடவை. அந்தச் சந்தோசம் ஒரு கணம் வந்தது. மறுகணம் அவளுடைய கண் படத்தின் மூலைகளுக்குப் போனது.

பேரவையின் ஊடகப் பொறுப்பாளர் அனோஜனுக்குப் போன் எடுத்தாள். நாற்பது வயதுக்காரர். கமராவைக் கழுத்திலிருந்து கழற்றினால் தடிமனும் தும்மலும் வந்துவிடும் என்பதுபோல எப்போதும் போட்டுக்கொண்டு திரிபவர்.

"அண்ணை, அந்தப் படத்தை உடனை எடுத்துவிடுங்கோ."

"ஏன் தங்கச்சி, பிள்ளை கண்ணை மூடிப்போட்டாளோ? வேறை படமும் கிடக்கு. நாப்பத்திமூண்டு எடுத்தனான்."

"எந்தப் படமும் வேண்டாம் அண்ணை. நான் எழுதித் தந்தனான். பிள்ளையின்ரை பாதுகாப்பு விசயம்."

"இருநூத்திப் பதினாலு பேர் விருப்பம் போட்டிட்டினம், தங்கச்சி. அவுஸ்திரேலியாவிலையிருந்து கூட. இப்ப எடுத்தால் அந்தச் சனத்துக்கு என்ன மரியாதை?"

போதாக்குறைக்கு அவருக்கு அதிகாரமும் இல்லையாம். பேரவையின் யாப்பு விதிகளில் அது தெளிவாக இருக்கிறது. ஒரு படத்தை ஏற்றுவதற்கு ஒருவர் போதும். இறக்குவதற்கு நிர்வாக சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் கை உயர்த்த வேண்டும். அதற்கு முதல் செயலாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

செயலாளர் நித்தியானந்தன் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். இப்படியொரு விண்ணப்பம் பேரவையின் சரித்திரத்திலேயே வந்ததில்லை என்றதும் மனுசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரே நாளில் இலச்சினை போட்டு 'படம் நீக்கல் கோரிக்கைப் படிவம்' தயாரித்தார். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பாடசாலை, வீட்டு முகவரி, கதவு இலக்கம், பெற்றோர் வீட்டில் இல்லாத நேரங்கள். கடைசியில், 'பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரியும் அண்மைக்காலப் படங்கள் மூன்று'.

"ஐயா, படம் வேண்டாமெண்டு சொல்லத்தானே இந்தப் படிவம். இதுக்கு என்னத்துக்குப் படம்?"

"எந்தப் பிள்ளையை நீக்கிறதெண்டு சபைக்குத் தெரிய வேணுமே, பிள்ளை."

"அதுதான் உங்கடை பக்கத்திலை பெரிசாக் கிடக்கே!"

"கிடக்குத்தான். ஆனால் அது விண்ணப்பத்தோடை இணைக்கப்படேல்லை." நித்தியானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோவப்படாதேயும். முறையெண்டு ஒண்டு இருந்தால்தான் நாளைக்கு ஒருத்தர் பிழை பிடிக்கேலாது."

அவள் படங்களைக் கொடுக்கவில்லை. காப்பக ஆலோசகரிடம் ஓடினாள். அந்தப் பெண்மணி ஒரு சட்டத்தரணியைக் கொண்டு பேரவைக்கு ஜேர்மன் மொழியில் பதிவுத் தபால் அனுப்புவித்தார். தாயையும் பிள்ளையையும் பெயர் சொல்லி, வன்முறை வழக்கைச் சுட்டி, பத்து நாட்களுக்குள் படத்தை நீக்காவிட்டால் வழக்கு என்று அதில் இருந்தது. பேரவைக்கு அரசாங்கக் கடிதத்தாள் போன்ற தாளில் ஒரு கடிதம் வந்தது அதுதான் முதற்தடவை. எல்லோருக்கும் பெருமையாகிவிட்டது. கடிதத்தைத் தலைவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் அன்று பின்னேரமே இணையப் பக்கத்தில் வந்தது. வாசிக்க முடியாதவர்களின் வசதிக்காகக் கீழே தமிழாக்கமும் போட்டிருந்தார்கள்.

இருந்தாலும் கடிதம் வேலை செய்தது. படிவமில்லாமலே சபை கூடியது. நிலோஜினியையும் கூப்பிட்டார்கள். தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த அறையில் வடையும் தேநீரும் சுற்றிவர, அவள் நாற்பத்தொன்பது பேருக்கு முன்னால் தன் கை முறிந்த கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. பல்கனிக் கதையையும் சொன்னாள். செயலாளர் அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே "எத்தினையாம் மாடி?" என்று கேட்டார். நான்காம் மாடி என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

தலைவர் கதிர்காமத்தம்பி தொண்டையைச் செருமினார். எழுபது வயது, வெள்ளைச் சால்வை. சாவு வீட்டிலும் கலியாண வீட்டிலும் ஒரே பேச்சைப் பேசி இரண்டு இடத்திலும் கைதட்டு வாங்கியவர்.

"நீர் சொல்லுறது எனக்கு விளங்குது பிள்ளை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுப் பேரவை முடிவெடுக்கேலாது. அவரையும் ஒருக்காக் கூப்பிட்டுக் கதைச்சால் என்ன?"

"ஐயோ, அவருக்கு நாங்கள் எங்கை இருக்கிறமெண்டே தெரியாது! தெரிய வந்தால் எங்களைக் கொன்றுபோடுவார். நீதிமன்றம் எல்லாத்தையும் விசாரிச்சுத்தான் தடை போட்டது, ஐயா."

"நீதிமன்றம் சுவிஸ்காரன்ரை. அவனுக்கு எங்கடை குடும்பம் விளங்குமோ? நான் இந்த நாட்டிலை முப்பத்தெட்டு வருசமா இருக்கிறன். பிரிஞ்ச குடும்பம் பதினேழைச் சேர்த்து வைச்சிருக்கிறன். படம் இருக்கு, பாரும்."

கைபேசியைத் தடவித் தடவி ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு புருஷன், ஒரு பெண்சாதி, நடுவில் கதிர்காமத்தம்பி. பதினேழு படத்திலும் கமராவைப் பார்த்துச் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது. படத்தை நீக்கலாம் என்று நாற்பத்தாறு கைகள் உயர்ந்தன. நிலோஜினி கும்பிட்டாள். "அப்ப இப்பவே அழுத்திவிடுங்கோ அண்ணை. ஒரு செக்கன் வேலை" என்று அனோஜனைப் பார்த்தாள்.

சபை அவளை இரக்கத்தோடு பார்த்தது.

"ஒரு செக்கனிலை முடிஞ்சால் அது வேலையோ, பிள்ளை?" என்றார் தலைவர். "இப்பிடியொரு நல்ல விசயத்தை நாலு சனம் அறியச் செய்ய வேணும். பிள்ளையளின்ரை படத்தைப் பாதுகாக்கிறதிலை சுவிஸிலையே நாங்கள்தான் முன்னுக்கு நிக்கிறம் எண்டு தெரிய வேணும். மண்டபம் எடுத்து, நல்ல நேரம் பாத்துச் செய்வம். நீக்கல் வைபவம்."

பிறகு நடந்த விவாதம் எல்லாம் பிரதம விருந்தினர் யார் என்பது பற்றியது. வைபவத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அதுவரைக்கும் சட்டத்தரணியைச் சமாதானப்படுத்த, ரிஷானியின் முகத்தின் மேல் ஒரு தாமரைப்பூவை ஒட்டினார்கள். பெயரும் வீதியும் பள்ளிக்கூடமும் அப்படியே இருந்தன. பூவின் கீழ்விளிம்பில் முன்பல் இல்லாத வாயும் கொஞ்சம் தெரிந்தது.

நிலோஜினி போகாமல் இருந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லுவீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் பெற்றோர் மேடையில் ஏறிக் கையொப்பமிடாவிட்டால் தீர்மானம் செல்லாது என்று செயலாளர் எழுதி அனுப்பிவிட்டார். வழக்குப் போட்டால் மாதக்கணக்கு ஆகும் என்று சட்டத்தரணி சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் படம் போய்விடும். ரிஷானியைக் கீழ்வீட்டுச் சுவிஸ் கிழவியிடம் விட்டுவிட்டு அவள் தனியாகப் போனாள்.

மண்டப வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள். மேடையின் பின்னால், தரையிலிருந்து கூரை வரைக்கும், தாமரை இல்லாத ரிஷானி. மேலே 'பிள்ளைகளின் படங்களைப் பாதுகாப்போம்' என்று கொட்டை எழுத்து.

"அண்ணை! என்ன அண்ணை இது?"

"எதை நீக்கிறமெண்டு சனம் பாக்க வேண்டாமோ?" என்றார் அனோஜன், கமரா முக்காலியை நிமிர்த்தியபடி. "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. விழா முடிய நானே கழட்டுவன்."

அவளை முன்வரிசையில் இருத்தினார்கள். மண்டபக் காவலர் தீ எரிக்க விடாதபடியால் பற்றரியில் எரியும் குத்துவிளக்கை ஐந்து பேர் ஐந்து பொத்தானை அழுத்தி ஏற்றினார்கள். இறந்தவர்களுக்கு அகவணக்கம் முடிந்தது. வரவேற்பு நடனம் முடிந்தது. தலைவர் பேசினார். தமிழன் உலகத்துக்கே கதவு பூட்டக் கற்றுக்கொடுத்தவன் என்றார். "இந்தத் தாய் எங்களிட்டை வந்து, தன்ரை புருஷன் கையை முறிச்சவர், பிள்ளையை நாலாம் மாடியிலை தொங்கவிட்டவர் எண்டு அழுதா. அந்த இரகசியத்தை இண்டுவரைக்கும் பேரவை வெளியிலை விடேல்லை" என்றபோது மண்டபம் கைதட்டியது. நேரலையில் எழுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது அனோஜனின் விளக்கவுரை, 'பாதுகாப்பாகப் படம் எடுப்பது எப்படி'. பெரிய திரையில் அதே படத்தைப் போட்டு, குச்சியால் தொட்டுக் காட்டினார்.

"பெற்றோரே, படம் எடுக்கேக்கை பின்னாலை என்ன தெரியுதெண்டு பாக்க வேணும். இப்ப இந்தப் படத்தைப் பாருங்கோ. பெரிய பிழை விட்டிருக்கு. பாடசாலைப் பெயர் தெரியுது. பஸ் தரிப்புத் தெரியுது, அஞ்சாம் இலக்கம். கீழை வீதியின்ரை பெயரும் போட்டிருக்கு. ஒரு கெட்டவன் இதை வைச்சுக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் நேரம் வைச்சுச் செய்து பாத்தனான். பன்னிரண்டு நிமிசம்!" திரையில் வரைபடம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நீலக்கோடு புறப்பட்டு, பாலம் தாண்டி, மில் வீதியில் ஒரு கட்டடத்தில் போய் நின்றது. "கதவிலை பேர் இல்லை. ஆனால் மூண்டாம் மாடி ஜன்னலிலை பிள்ளை கீறின சூரியன் ஒட்டியிருக்கு. அதை வைச்சுப் பிடிச்சன்."

இப்படியொரு படத்தை எடுத்த மடையன் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

நிலோஜினி எழுந்து கத்தினாள். "நிப்பாட்டுங்கோ! தயவுசெய்து நிப்பாட்டுங்கோ!" தாயின் உணர்ச்சிப் பெருக்கு என்று அறிவிப்பாளர் சொன்னார். இரண்டு பெண்கள் வந்து அவளைத் தாங்கலாகப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தி, கையில் பேனாவைக் கொடுத்தார்கள். அவள் கையொப்பமிட்டாள். அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் ஒப்பமிட்டிருப்பாள்.

நல்ல நேரம் இரண்டு மணி பதினெட்டு நிமிடம். காப்புறுதி முகவரும் 'சமூகச் செம்மல்' பட்டம் பெற்றவருமான சிவநேசன் பிரதம விருந்தினராக வந்து, பட்டு விரித்த மேசையிலிருந்த கணினியின் முன் நின்றார். மண்டபம் முழுக்கக் கைபேசிகள் உயர்ந்தன. நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் முழங்கியது. சிவநேசன் அழுத்தினார். படம் போய்விட்டது.

நிலோஜினிக்கு ஒரு பெருமூச்சு விட நேரம் கிடைத்தது.

"ஐயா, கொஞ்சம் அவசரப்பட்டிட்டியள்" என்றார் அனோஜன். "கமராவிலை உங்கடை கை மறைச்சுப்போட்டுது. ஒருக்காத் திருப்பி அழுத்துவமோ?"

திருப்பி அழுத்துவதற்குப் படம் வேண்டுமே. அனோஜன் குனிந்து, அதைத் திரும்பவும் ஏற்றினார். பழைய தாமரையை ஒட்ட நேரமில்லை. புதுப் பதிவு என்றபடியால், பேரவையைப் பின்தொடர்கிற நாலாயிரம் பேரின் கைபேசியிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. மண்டபத்துக்குள்ளேயே நூறு மணி கேட்டது. சிவநேசன் இந்தமுறை பக்கவாட்டில் நின்று, கமராவைப் பார்த்துச் சிரித்தபடி விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கிடையில் செயலாளர் நித்தியானந்தன் ஒலிவாங்கியைப் பிடித்து, நேரலைக்கு வந்த வாழ்த்துகளை வாசித்தார். ஒஸ்லோவிலிருந்து ஒருவர். பரிசிலிருந்து ஒரு குடும்பம். பிறகு அவருடைய குரல் தழுதழுத்தது.

"அன்பார்ந்த உறவுகளே, ஒரு நெகிழ்ச்சியான செய்தி. லொசானிலையிருந்து பிள்ளையின்ரை தகப்பனார் திரு. இரவீந்திரன் அவர்களே எழுதியிருக்கிறார். 'என்ரை மகள் வளர்ந்திட்டாள். மூண்டு வருசமாத் தேடினனான். காட்டித்தந்த பேரவைக்கு நன்றி. அஞ்சாம் இலக்க பஸ் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுமோ?'" நித்தியானந்தன் நிமிர்ந்து கமராவைப் பார்த்தார். "ஓம் ஐயா, ஓடும். அரை மணித்தியாலத்துக்கு ஒண்டு."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

நிலோஜினி அதற்குப் பிறகு ஒன்றையும் கேட்கவில்லை. பொன்னாடையோடு வெளியே ஓடினாள். நன்றியுரைக்கு முதல் எழுந்து போனது பண்பில்லை என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். ஓடிக்கொண்டே பொலிசுக்குப் போன் எடுத்தாள், ஆலோசகருக்கு எடுத்தாள். லொசானிலிருந்து பாடனுக்கு ரயிலில் இரண்டரை மணித்தியாலம். ஐந்தரை மணிக்கு முதல், ஒரு பெட்டியோடும் ஏழு வயதுப் பிள்ளையோடும் அவள் ஆலோசகரின் காரில் பாசல் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை போனது, வீடு போனது. ரிஷானி வழி முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை எதையும் கேட்காமல் இருக்கப் பழகிவிட்டதே என்பதுதான் நிலோஜினியை எல்லாவற்றையும்விட அதிகமாகக் குத்தியது.

இரவீந்திரன் வந்தான். வெறும் வீட்டைத் தட்டினான். பொலிஸ் வந்து சேரும்போது அவன் அங்கே இல்லை. தலைவர் கதிர்காமத்தம்பியின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான். நீதிமன்றத் தடை பற்றி யாராவது ஞாபகப்படுத்தினார்களா என்றால், செயலாளர் ஞாபகப்படுத்தினார். அவர் கடமை தவறுகிற ஆளில்லை. தலைவர் அதற்குப் பதில் சொன்னார்: "தடை அவர் கிட்டப் போறதுக்குத்தானே? தேடுறதுக்குத் தடை இல்லையே. பெத்த தகப்பன் அழுறதைப் பாத்துக்கொண்டு பேரவை சும்மா இருக்கேலாது." சபையில் நாற்பத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. இம்முறை மண்டபமோ நல்ல நேரமோ தேவைப்படவில்லை. ஒரு செக்கனில் முடிந்தது.

பேரவையின் இணையப் பக்கத்தில் 'காணவில்லை' என்று தலைப்பு. நாற்பத்துமூன்று படங்களில் மிகத் தெளிவான படம். தாயின் படம் பொன்னாடை போர்த்தியபோது எடுத்தது. 'மனநிலை பாதிக்கப்பட்ட நிலையில் பிள்ளையுடன் வெளியேறிய இவரைக் காண்போர் மனிதாபிமானத்துடன் உடனடியாகத் தொடர்புகொள்ளவும். உறவுகள் அனைவரும் பகிரவும்.' கீழே இரவீந்திரனின் தொலைபேசி இலக்கம். ஐரோப்பா முழுக்க இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் மனிதாபிமானத்துடன் பகிர்ந்தார்கள்.

பாசலில் பதினோராம் நாள். புதுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் தாயும் மகளும் ட்ராமில் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே விளையாட்டு முற்றத்தில் ஊஞ்சல் இருக்கிறது என்று ரிஷானி மூன்றாம் தடவையாகச் சொன்னாள். பதினொரு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். நிலோஜினி கைபேசியை எடுத்தாள். மூலைகளைப் பார்த்தாள். பிறகு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, பிள்ளையைத் திரும்பச் சொல்லாமல் நேரே பார்த்து ஒரு படம் எடுத்தாள்.

எதிர் இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். நாற்பத்தைந்து வயது, துப்புரவுக் கம்பனியின் மேற்சட்டை, மடியில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பை. வேலை செய்து களைத்த, நல்ல முகம். அவள் ரிஷானியின் சிரிப்பைப் பார்த்தாள். தன் கைபேசியைப் பார்த்தாள். திரும்பவும் ரிஷானியைப் பார்த்தாள்.

"தங்கச்சி, வீட்டிலை எல்லாரும் உங்களைத் தேடி அழுதுகொண்டிருக்கினம் எல்லோ" என்றாள்.

நிலோஜினி எழுந்தாள். ட்ராம் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த தரிப்புக்கு இன்னும் தூரம் இருந்தது. அவள் மகளை இழுப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டு ரிஷானியின் கையைப் பிடித்துவிட்டாள். மற்றக் கையில் கைபேசி காதோடு இருந்தது.

"ஹலோ, அண்ணையோ? நீங்கள்தானே தகப்பன்? ஓம், பாசல். என்ரை முன்னாலைதான் நிக்கினம். நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அண்ணை, நீங்கள் வந்து சேருமட்டும் நான் இவையளை விடமாட்டன்."

சொல்லிக்கொண்டே அவள் பிள்ளையின் கையைத் தடவிக்கொடுத்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.